கஃபார் மார்க்கெட்டில் ஒரு பழைய செல்போன்

திங்கட்கிழமை போனால் இழுத்து மூடிய ஷட்டர்களைத்தான் பார்க்கலாம். டெல்லி கரோல் பாகின் வார விடுமுறை அது. மற்ற ஆறு நாட்களிலும் காலை பதினோரு மணிக்கு மேல் கஃபார் மார்க்கெட்டின் சந்துகளில் தோள் இடிபடாமல் நடக்க முடியாது. தலைக்கு மேலே சிக்குப் பிடித்த நூல்கண்டுபோல மின்கம்பிகள். கீழே, ஒரு மேசை போட்டால் நிறைந்துவிடும் அளவுக்குக் கடைகள். கண்ணாடிப் பெட்டிகளில் மீன் அடுக்கியதுபோல செல்போன்கள் கிடக்கின்றன. சில முகம் காட்டி, சில முதுகு காட்டி, சில வயிறு திறந்தபடி. நடைபாதை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் இளைஞர் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு எதையோ சூடு காட்டிப் பிரிக்கிறார். பக்கத்திலேயே சோலே பட்டூரா வெந்துகொண்டிருக்கிறது.

இந்தச் சந்தைக்கு 'எல்லை காந்தி' கான் அப்துல் கஃபார் கானின் பெயர். கதர் உடுத்தி, சிறையிலும் நாடுகடத்தலிலும் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த மனிதரின் பெயரில், வெளிநாட்டுச் சாமான்களுக்குப் பேர்போன ஒரு கடைவீதி. முரண் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் காரணம் இருக்கிறது. பிரிவினையில் வீடு வாசலை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் கரோல் பாகைச் சுற்றிக் குடியேறின. கையகல இடத்தில் பிழைக்க வேண்டுமானால் விற்கும் சரக்கு சின்னதாகவும் விலை கூடியதாகவும் இருக்க வேண்டும். கைக்கடிகாரம், சென்ட், கேசட், கேமரா என்று போய்க் கடைசியில் செல்போனில் வந்து நின்றது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் சென்னைக் கடற்கரை ஸ்டேஷன் எதிரே உருவாக்கிய பர்மா பஜாரைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தரவேண்டியதில்லை. அங்கே எதற்கெல்லாம் ஏமாந்தோமோ, அதற்கெல்லாம் இங்கேயும் ஏமாறலாம். மொழிதான் வேறு.

1995 ஜூலை 31ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அன்று அது அமைச்சர்களின் பொருள். இன்று அது இல்லாமல் பேங்க் கணக்கும் இல்லை, ரயில் டிக்கெட்டும் இல்லை, டீக்கடையில் காசு கொடுப்பதும் சிரமம். அதனால்தான் புதியது வாங்க வசதியில்லாதவர்கள் பழையது தேடி கஃபார் மார்க்கெட்டுக்கு வருகிறார்கள். அவர்களில் தமிழர்களும் கணிசம். பூசா ரோட்டைக் கடந்து தெற்கே போனால் பழைய ராஜிந்தர் நகர், ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்களின் கூடாரம். தென்காசியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்த பையன்கள் கட்டில் அளவு அறைகளில் தங்கிப் படிக்கிறார்கள். பாடமே பாதி செல்போனில்தான் ஓடுகிறது. அது கீழே விழுந்து செத்துவிட்டால் ஊரில் அப்பாவிடம் சொல்லவும் தயக்கம். அறைத்தோழர்களில் மூத்தவர் ஒருவர், மூன்றாவது முறையோ நான்காவது முறையோ தேர்வு எழுதுகிறவர், "வா தம்பி, கஃபார்ல பாத்துக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு கிளம்புவார்.

சந்துக்குள் நுழைந்ததுமே காதருகே ஒரு குரல் கேட்கும். சட்டைப் பையிலிருந்து பளபளக்கும் போனைப் பாதி மட்டும் எடுத்துக் காட்டுகிறவர், அவசரமாக ஊருக்குப் போக வேண்டும், பணம் தேவை, பாதி விலைக்குத் தருகிறேன் என்பார். அங்கே நிற்கவே கூடாது. வாங்கி, பெட்டியைப் பிரித்தால் உள்ளே கண்ணாடித் துண்டோ சோப்புக் கட்டியோ இருக்கும் பழைய வித்தை அது. அப்படி இல்லாமல் உண்மையான போனே இருந்துவிட்டால் இன்னும் மோசம். அது யாருடையது என்ற கேள்வி வந்துவிடும்.

கஃபார் மார்க்கெட்டில் பழைய போன் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். திரை எப்படி, கேமரா எப்படி என்பதெல்லாம் பிறகு. இங்கே வந்து சேரும் சரக்கு பல வழிகளில் வருகிறது. புதியது வாங்கும்போது பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொள்ளும் திட்டங்களில் சேர்ந்தவை மொத்தம் மொத்தமாக ஏலம் போய் வருகின்றன. வெளிநாட்டில் உபயோகித்தவை வருகின்றன. பணமுடையில் விற்றவை வருகின்றன. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, செலவைக் கேட்டதும் வேண்டாம் என்று விட்டுப்போனவை உண்டு. இவற்றின் நடுவே, பஸ்ஸிலும் பைக்கில் வந்தவன் கையிலும் பறிபோனவையும் கலந்திருக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாம் ஒன்றுபோலத்தான் மினுக்குகின்றன. வித்தியாசம் காட்டுவது 15 இலக்க எண் ஒன்றுதான். ஐஎம்இஐ என்று அதற்குப் பெயர்.

போனில் *#06# என்று அடித்தால் அந்த எண் திரையில் வரும். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண்கள். அதே எண்தான் அட்டைப்பெட்டியிலும் பில்லிலும் இருக்க வேண்டும். சில மாடல்களில் சிம் தட்டிலோ முதுகிலோ பொறித்திருப்பார்கள். அதையும் பார்க்க வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் பெட்டி வேறு ஒரு போனுடையது என்று அர்த்தம். பெட்டி மட்டும் தனியாக இந்தச் சந்தையிலேயே கிடைக்கும் என்பதை மறக்கக்கூடாது. பிறகு கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் செயலியிலும் இதையே பார்க்கலாம். என்ன கம்பெனி, என்ன மாடல் என்று பதில் வரும். கையில் இருப்பது ஒரு கம்பெனி, பதிலில் வருவது வேறு கம்பெனி என்றால் எண்ணை மாற்றியிருக்கிறார்கள். 'கறுப்புப் பட்டியலில் உள்ளது', 'ஒரே எண் பல போன்களில் உள்ளது', 'ஏற்கெனவே உபயோகத்தில் உள்ளது' என்ற தோரணையில் பதில் வந்தால் போனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாங்க வேண்டாம் என்று துறையே சொல்கிறது.

இதை அடிக்கும்போது கடைக்காரர் முகத்தைக் கவனிப்பது நல்லது. ஒழுங்காக வியாபாரம் செய்கிறவர் தானே எண்ணைக் காட்டிவிட்டு, அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிடுவார். இப்படிப்பட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு போனுக்காகப் பெயரைக் கெடுத்துக்கொள்ள ஆசை இருக்காது. "அதெல்லாம் எதற்கு அண்ணா, நான் இருக்கிறேனே" என்று தென்னாட்டு முகத்தைப் பார்த்ததும் 'அண்ணா' போடுகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

இந்த எண்ணுக்கு ஒரு விசித்திரமான சரித்திரம் உண்டு. ஒரு காலத்தில் எண்ணே இல்லாத மலிவு விலை சீன போன்கள் நாடெங்கும் புழங்கின. 2008இல் மும்பைத் தாக்குதல் நடந்தது. 2009 டிசம்பர் முதல் எண் இல்லாத போன்களுக்கு இணைப்பு கிடையாது என்று அரசு கறாராக நின்றது. அதற்கு முன்பாக, அப்படிப்பட்ட போன்களுக்கு முறையாக எண் பதித்துத் தர மையங்களையே அனுமதித்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று பதித்துக்கொண்டார்கள். இன்று அதே எண்ணை மாற்றி எழுதுவது பெரிய குற்றம். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில், எண் மாற்றப்பட்டது என்று தெரிந்தே ஒரு போனை வைத்திருந்தால்கூட மூன்று ஆண்டுவரை சிறை, 50 லட்சம் ரூபாய்வரை அபராதம். இந்தப் பிரிவு 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

திருட்டுப் போன்களை முடக்கும் மத்தியப் பதிவேடு 2019 செப்டம்பரில் மகாராஷ்டிரத்திலும் அந்த ஆண்டுக் கடைசியில் டெல்லியிலும் தொடங்கி, 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்தது. போனைப் பறிகொடுத்தவர் போலீசில் புகார் கொடுத்து, அந்த நகலோடு பதிவு செய்தால் எந்தக் கம்பெனி சிம்மைப் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாது. யாராவது சிம் போட்ட உடனே அந்தத் தகவல் போலீசுக்குப் போய்ச் சேரும். சிம் போட்டவர் பெரும்பாலும் திருடனாக இருக்கமாட்டார். கஃபார் மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்கிய அப்பாவியாக இருப்பார்.

ராஜிந்தர் நகர்ப் பையனுக்கு இது வெறும் பணநஷ்டம் மட்டுமல்ல. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால்தான் குற்றம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவு. தெரியாமல் வாங்கியவர் போனை ஒப்படைத்துவிட்டு வெளியே வரலாம். ஆனால் பாதி விலைக்கு, பில் இல்லாமல், சந்தில் நின்று வாங்கியவரால் 'எனக்குச் சந்தேகமே வரவில்லை' என்று எப்படிச் சொல்ல முடியும்? ஏதோ ஒரு ஊர் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வரும். போக வர வேண்டியிருக்கும். அரசு வேலைக்குத் தேர்வானவர் நிரப்பும் படிவத்தில், எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா, வழக்கு இருக்கிறதா என்றெல்லாம் கேள்விகள் உண்டு. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் அந்தக் கட்டத்தில் எழுத ஒரு விஷயத்தைத் தேடிக்கொள்வதா? மூத்தவர் தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவதே இதற்காகத்தான்.

எண் சரியாக இருந்துவிட்டால் அடுத்தது பூட்டு. கூகுள் கணக்கோ ஆப்பிள் கணக்கோ, பழைய சொந்தக்காரர் தன் கணக்கை எடுக்காமல் போனை அழித்திருந்தால், புதிதாகத் தொடங்கும்போது பழைய கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். ஆப்பிளில் 2013 முதலும் ஆண்ட்ராய்டில் 2015 முதலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. திருடனை மடக்க வந்த நல்ல ஏற்பாடு, வாங்குகிறவரையும் மடக்கும். ஆகவே, அழித்துவைத்த போனை வரவேற்புத் திரையோடு காட்டினால் ஏற்றுக்கொள்ளக்கூடாது. கடையிலேயே, தன் சிம்மைப் போட்டு, தன் கணக்கில் நுழைந்து, முகப்புத் திரை வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும். கால் மணி நேரம் ஆகும். கடைக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். தவணையில் வாங்கி, தவணை கட்டாமல் கைமாறிய போன்கள் இன்னொரு வகை. கடன் கொடுத்தவர்கள் தூரத்திலிருந்தே பூட்டும் செயலியை உள்ளே வைத்திருப்பதுண்டு. செட்டிங்ஸில் 'இந்தச் சாதனம் ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற பாணியில் ஏதாவது இருந்தால், அந்தப் போன் இன்னும் வேறொருவருக்குச் சொந்தம்.

இனி உடம்பு. கஃபார் மார்க்கெட்டின் உண்மையான அதிசயத்தைப் பார்க்க மாடிக்குப் போக வேண்டும். கோணல் மாணலான படிகளில் ஏறினால், மைக்ராஸ்கோப்பும் சூடான காற்று ஊதும் துப்பாக்கியும் வைத்த சின்னச் சின்ன அறைகள். கம்பெனியின் சர்வீஸ் சென்டர் 'மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்' என்று கைவிட்ட போனில், கடுகு அளவு ஐசி ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை ஒட்டி உயிர் கொடுக்கிறார்கள். இந்தத் தொழிலைக் கற்றுத் தரும் பள்ளிக்கூடங்கள் கரோல் பாகில் பல உண்டு. ஊர் ஊரிலிருந்தும் வந்து படித்துவிட்டுப் போய்க் கடை போடுகிறார்கள். எதையும் தூக்கி எறியச் சொல்லும் காலத்தில் இது மரியாதைக்குரிய கைவேலை. அதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தையை 'திருட்டுச் சந்தை' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க மனம் வராது.

ஆனால் அதே கைத்திறன்தான் வாங்குகிறவரின் தலைவலியும். இங்கே எதையும் பிரிக்கலாம், எதையும் மாட்டலாம். திரையைக் கண்ணாடியோடு சேர்த்து 'ஃபோல்டர்' என்கிறார்கள். அசல் ஃபோல்டர் ஒரு விலை, நகல் பாதிக்கும் கீழே. நகல் போட்ட போன் கடை விளக்கில் அழகாகத்தான் தெரியும். வெயிலுக்குக் கொண்டுவந்தால் வெளுக்கும். சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும். ஆகவே சந்தை விட்டு வெளியே, அஜ்மல் கான் ரோட்டு வெளிச்சத்தில் பார்க்கக் கேட்க வேண்டும். கடைப் பையன் கூடவே வருவான், அதில் தவறில்லை. முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டால் பழைய எழுத்துக்களின் நிழல் தங்கியிருப்பது தெரியும். ஒரு படச்சின்னத்தை விரலால் அழுத்திப் பிடித்து, திரை முழுவதும் கோலம் போடுவதுபோல இழுத்துப் பார்க்க வேண்டும். எங்கே கைவிட்டு விழுகிறதோ அங்கே தொடுதல் செத்திருக்கிறது. ஐபோன் என்றால் செட்டிங்ஸில் 'அபௌட்' பகுதியிலேயே எந்தப் பாகம் மாற்றப்பட்டது, அது அசலா இல்லையா என்று புதிய மாடல்களில் எழுதியிருக்கும். அதே பகுதியில் இருக்கும் மாடல் எண்ணின் முதல் எழுத்தும் கதை சொல்லும். எம் என்றால் கடையில் புதிதாக விற்றது, எஃப் என்றால் கம்பெனி சீர்செய்து விற்றது, என் என்றால் பழுதுக்குப் பதிலாகக் கொடுத்தது.

வெளிநாட்டு வரவுகளில் வேடிக்கைகள் உண்டு. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இலிருந்து சிம் போடத் தட்டே கிடையாது, இசிம் மட்டும்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த சிம்மைக் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டை தேடித் தடவ வேண்டியதுதான். ஜப்பானில் விற்ற ஐபோனில் படம் எடுக்கும்போது வரும் 'க்ளிக்' சத்தத்தை அந்த நாட்டுக்குள் நிறுத்த வழியில்லை. அனுமதியில்லாமல் பெண்களைப் படம் எடுப்பதைத் தடுக்க அங்கே செய்த ஏற்பாடு. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் சிம்முக்கு மட்டுமே பூட்டியவையும் வரும். 'ஃபாக்டரி அன்லாக்' என்று வாயால் சொல்வது போதாது, தன் சிம்மில் ஒரு அழைப்புப் போனால்தான் நம்பலாம்.

பாட்டரி சீக்கிரம் முடியும் விஷயம். ஐபோனில் பாட்டரியின் ஆரோக்கியம் சதவீதத்தில் தெரியும். 80க்குக் கீழே இருந்தால் புது பாட்டரியின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். மிகப் பழைய போனில் 100 சதவீதம் என்றிருந்தால் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எதை மாட்டினார்கள் என்று கேட்க வேண்டும். முதுகு மூடி லேசாக எழும்பியிருந்தால் உள்ளே பாட்டரி உப்பியிருக்கிறது, தொடவே வேண்டாம். சிம் தட்டை உருவி உள்ளே டார்ச் அடித்தால், பல மாடல்களில் ஒரு சின்ன ஒட்டு தெரியும். வெள்ளையாக இருந்தால் சரி, சிவந்திருந்தால் போன் தண்ணீரில் குளித்திருக்கிறது. அதைவிட முக்கியம் வயது. செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட் கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்று இருக்கும். இரண்டு மூன்று வருடம் முந்தைய தேதி என்றால் கம்பெனி கைகழுவிவிட்டது. பார்க்கப் புதுப்பெண் மாதிரி இருந்தாலும், ஒருநாள் பேங்க் செயலியோ வாட்ஸ்அப்போ இதில் ஓடமாட்டேன் என்று சொல்லிவிடும்.

கடைசியில் பில். இங்கே 'கச்சா பில்', 'பக்கா பில்' என்று இரண்டு. முன்னது கடைப்பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. பின்னது ஜி.எஸ்.டி. எண்ணோடு வருவது, விலை கொஞ்சம் ஏறும். ஏறினாலும் வாங்கிவிட வேண்டும், அதில் அந்த 15 இலக்க எண்ணை எழுதச் சொல்ல வேண்டும். நாளை போலீசிடம் காட்ட அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கிறது. தனி மனிதரிடமிருந்து வாங்கினால் அவருடைய அடையாள அட்டை நகலும் கையெழுத்தும், அசல் பில்லும் வேண்டும். வாரண்டி கேட்டால் 'செக்கிங் வாரண்டி' என்பார்கள். ஒரு வாரம், பத்து நாள் போட்டுப் பார்க்க அவகாசம், அவ்வளவுதான்; அதையும் பில்லின் பின்புறம் எழுதி வாங்குவதே மேல். 'நாகரிகம் மாறும் இந்தக் காலத்தில் கேரண்டியை எதிர்பார்க்காதீர்கள்' என்று இந்தியில் எழுதி மாட்டுவது வடநாட்டுக் கடைவீதிகளில் பழைய வழக்கம். எழுதியவருக்குத் தன் சரக்கைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது.

எல்லாம் முடிந்து, பேரம் படிந்து, பணம் கொடுக்கும் முன்பு மூத்தவர் ஒரு வேலை சொல்வார். "அம்மாவுக்கு ஒரு போன் போடுடா." சந்தை இரைச்சலில் தம்பி சத்தமாகப் பேசுவான். சாப்பிட்டாயா, டெல்லியில் குளிரா என்று விசாரணை நடக்கும். போன் வாங்கும் செய்தியை அவன் இன்னும் சொல்லியிருக்கமாட்டான். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்துவிடும். "என்னப்பா, உன் குரல் கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது?"

மூத்தவர் போனை வாங்கி, கீழ்விளிம்பில் இருக்கும் மைக் ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு ஒன்றும் பேசாமல் அதைக் கண்ணாடி மேசையின் மேல் வைத்து, கடைக்காரர் பக்கமாக நகர்த்துவார். கடைக்காரர் அலட்டிக்கொள்ளமாட்டார். பெட்டியிலிருந்து அடுத்த போனை எடுத்துத் தருவார். தம்பி மறுபடியும் *#06# அடிக்க ஆரம்பிப்பான்.